ஐந்தாவது சீலமும் கம்பளம் கழுவுகிற படமும்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெத்தது, ரெண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஆறு பேரையும் காப்பிப் பழம் பறித்த கையாலேயே வளர்த்தேன். ஒருத்தர் வாசலிலும் போய் நின்றதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். மேற்கொண்டு எழுதப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அதனால் இதை முதலிலேயே சொல்லி முடித்துக்கொண்டேன்.

நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, எஸ்டேட் ரோட்டில் அரைமணி நேரம் ஏறினால் எங்கள் லைன் வீடுகள். பதினோரு குடும்பம். எல்லோருடைய பாட்டன்மாரும் கீழே இருந்து காப்பி வேலைக்கு மேலே வந்தவர்கள். என் மாமனார் காலத்தில் பதினோரு குடும்பமும் புத்தர் மார்க்கத்துக்கு வந்தது. பழைய உர ஸ்டோர் ஒன்றை எஸ்டேட்டில் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, ஒரு சிலை வைத்தோம். அதைப் புத்தர் ஊடு என்போம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, பொழுது சாய்வதற்குள் அங்கே கூடுவோம். விளக்கேற்றுகிற பெரியவர் ஒருத்தர் இருக்கிறார், அவர் பாளி மொழியில் ஒரு வரி சொல்வார். யாருக்கும் புரியாது. அதையே நான் தமிழில் சொல்வேன், எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். அஞ்சு சீலம், அதாவது அஞ்சு உறுதி: உயிரைக் கொல்ல மாட்டேன், கொடுக்காததை எடுக்க மாட்டேன், தப்பு வழியில் போக மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அஞ்சாவதாக, போதை தந்து கவனம் தப்பச் செய்கிற எதையும் தொட மாட்டேன்.

அந்த அஞ்சாவது வரும்போது என் குரல் தானாக ஏறும். என் வீட்டுக்காரரைச் சாராயம்தான் கொண்டுபோனது. தங்கச்சி புருஷனையும் அதுதான் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் ஓடைக்கரையில் சாராயம் காய்ச்சுவதற்குப் பானையில் ஊறல் போட்டுப் புதைத்து வைத்திருப்பார்கள். நான் நாலு பொம்பளைகளைச் சேர்த்துக்கொண்டு போய், பானை பானையாக உடைத்தவள். காற்று வீசுகிற பக்கத்தை வைத்தே ஊறல் எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். அரிவாளோடு வந்த ஆம்பிளையை மண்வெட்டிக் காம்போடு நின்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

புத்தர் ஊட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதை ஏற்படுத்தினதும் நான்தான். குடித்தவன் எவனாக இருந்தாலும் மூணு பௌர்ணமிக்கு வரிசையில் உட்காரக் கூடாது. வாசலில் செருப்பு விடுகிற இடத்தில், செருப்போடு செருப்பாக உட்கார வேண்டும். உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அவன் பக்கத்தில்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அடிக்கவும் மாட்டோம், திட்டவும் மாட்டோம். அது போதும்.

என் சின்ன மகனை அங்கே நானே உட்கார வைத்தேன்.

அவன் குடிக்க ஆரம்பித்தபோது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. பல வருஷம் குடித்தான். மருமகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள், மாசத்துக்கு ஒருதரம் வருவாள். பேத்தி என்னிடம்தான் வளர்ந்தாள். இப்போது பதினொண்ணாவது படிக்கிறாள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு பௌர்ணமியன்று நான் எழுந்து, எல்லோர் முன்னாலும் மகனைப் பார்த்து, "உன் எடம் அங்க" என்று வாசலைக் காட்டினேன். போய் உட்கார்ந்தான். மூணு பௌர்ணமியும் உட்கார்ந்தான். அதற்கப்புறம் குடியை விட்டான். சும்மா விட முடியவில்லை. சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று மாத்திரை கொடுக்கிறார்கள், மாசத்துக்கு ஒருதரம் போய் வாங்கி வருவான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். "மாத்திர போட்டுத்தான் குடிக்காம இருக்கறான்னு பாப்பாவுக்குத் தெரிய வேண்டாங்கம்மா. தானா விட்டுட்டேன்னே நெனைக்கட்டும்" என்றான். சரி என்றேன்.

பேத்தி அவனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள். "இன்னொரு தடவ குடிச்சீன்னா நான் திருப்பூருக்கு அம்மாகிட்டப் போயிருவேன். அப்பறம் என்னைத் தேடி வராத." அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நடமாடினான். ஒன்றரை வருஷம்.

இனி என் கதை.

மருமகள் எனக்கு ஒரு போன் வாங்கி அனுப்பினாள், தன் மகள் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக. பேத்திதான் எனக்குக் காட்டிக்கொடுத்தாள், இதைத் தொட்டால் அம்மா வரும், இதைத் தொட்டால் அம்மா போகும் என்று. ஒருநாள் வேறு எதையோ தொட்டுவிட்டேன், படம் ஓட ஆரம்பித்தது. எந்தத் தேசமோ தெரியாது, ஒருத்தன் அழுக்குக் கம்பளம் ஒன்றைத் தரையில் விரித்துத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறான். கறுப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. தேய்க்கிறான், மறுபடி அடிக்கிறான். அடியிலிருந்து சிவப்புப் பூவும் பச்சை இலையும் வெளியே வருகிறது. பார்த்து முடித்ததும் மனசு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் இன்னொரு கம்பளம். அப்புறம் ஒருத்தி ஆயிரம் பேருக்குக் குண்டான்களில் சோறு வடிக்கிறாள். ஒருத்தன் கிணற்றில் விழுந்த பாம்பைப் பிடிக்கிறான். திரும்பவும் கம்பளம்.

எங்கள் லைனில் சிக்னல் வீட்டுக்குள் வராது. பல்ப்பர் ஷெட்டின் பின்பக்கச் சுவரோரம் வரும். பல்ப்பர் என்பது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷின். அங்கே ஒரு கல் கிடக்கும், அதில் உட்கார்ந்துகொள்வேன். முதலில் வெத்திலை போடுகிற நேரத்துக்கு என்று போவேன். அப்புறம் வெத்திலை போடாமலேயே போனேன். சோறு அடிப்பிடித்தது. கோழிக்குத் தீனி வைக்க மறந்தேன். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வருகிற சத்தம் கேட்டால் போனை மடியில் சொருகிவிட்டு, சுள்ளி பொறுக்கின மாதிரி எழுந்து வருவேன். ஒருநாள் அவள் திடீரென்று வந்துவிட்டாள், கை தானாகப் போய் அதை மாவு டப்பாவுக்குள் வைத்தது. வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரரும் பாட்டிலை அந்த டப்பாவில்தான் வைப்பார்.

உறைத்தது என்று எழுதிவிட்டேன். ஆனால் மறுநாள் காலையிலேயே போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன்.

வருஷத்துக்கு ஒருதரம் கீழே இருந்து ஒரு பிக்கு வருவார். சின்ன வயசு, கண்ணாடி போட்டிருப்பார். போன தடவை வந்தபோது அஞ்சாவது சீலத்தைப் பற்றி நிறைய நேரம் பேசினார். "குடியை மட்டும் சொல்லலைங்க. சீட்டாட்டம், டிவி, போன், எதெல்லாம் நம்மளைச் செய்யற வேலையிலிருந்து தூக்கிட்டுப் போகுதோ, அத்தனையும் இதுக்குள்ள வரும்" என்றார். நான் எழுந்து, "எங்க லைன்ல பொம்பளைங்க யாரும் சீட்டாடறதில்லைங்க சாமி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் பெருமையாக உட்கார்ந்தேன். அப்போது போன் என் மடியில் இருந்தது.

தை மாசத்தில் அது நடந்தது.

குடியை விட்ட புதிதில் மகனுக்கு வேலை கொடுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் தோட்டம், நான் உட்காருகிற அந்தப் பல்ப்பர் ஷெட் அதனுடையதுதான். சொந்தக்காரர் சேலத்தில் இருக்கிறார், கணக்கு எழுதுகிற ரைட்டர்தான் எல்லாம் பார்க்கிறார். அவரிடம் போய் நான் நின்றேன். யார் வாசலிலும் நின்றதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன், இது ஒன்று தவிர. "என் பேச்ச நம்பி வையுங்க" என்றேன். வைத்தார். பல்ப்பரும் தொட்டியும் என் மகன் பொறுப்பு. பழத்தைத் தோலுரித்துக் கொட்டையைத் தொட்டியில் போட்டால், அதன் மேல் இருக்கிற வழவழப்பு புளித்துக் கழன்று வரவேண்டும். மலைக்குளிருக்கு ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். அதற்குக் கணக்கு கிடையாது, கைதான் கணக்கு. உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் மணலாட்டம் கொறகொற என்று இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரைத் திறந்து கழுவிவிட வேண்டும். விட்டால் மிஞ்சிப் புளித்துவிடும். மிஞ்சின காப்பியை என்ன செய்தாலும் நாற்றம் போகாது. ஒரு பிடி மிஞ்சினது ஒரு மூட்டையைக் கெடுக்கும்.

அன்றைக்கு மகனுக்கு ஆஸ்பத்திரி நாள். தொட்டி நிறையக் காப்பி, தோட்டத்தில் அந்த வருஷம் பறித்ததிலேயே நல்ல பழம். காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னான்.

"எட்டு மணிக்கு ஒருக்கா கை போட்டுப் பாத்துருங்கம்மா. கொறகொறன்னு இருந்தா தண்ணியத் தொறந்து உட்டு வழவழப்ப வடிச்சிருங்க. ஒரு மணிக்குள்ள வந்து நான் கழுவிக்கறேன்."

"போ போ. எனக்கே பாடம் சொல்றயா?" என்றேன்.

எட்டு மணிக்குப் போய்க் கையை விட்டேன். வழுக்கியது. இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். சுவரைச் சுற்றிப் போய்க் கல்லில் உட்கார்ந்தேன். தொட்டிக்கும் எனக்கும் பத்தடி தூரம் இருக்கும்.

பத்து மணி சுமாருக்கு மகன் கூப்பிட்டான். நல்ல பெரிய கம்பளம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பாதிதான் வெளுத்திருந்தது. அதை மறைத்துக்கொண்டு அவன் போட்டோ வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெத்த மகன் மூஞ்சியைப் பார்த்து எரிச்சல்.

"ஏனுங்கம்மா, கொறகொறப்பு வந்துருச்சுங்களா?"

"இப்பத்தான் கை போட்டுப் பாத்தேன். இன்னும் வழுக்குது."

"இன்னைக்கு வெயில் சுருக்குனு ஏறுதுங்கம்மா. இன்னொருக்கா பாத்துருங்க."

"நீ பொறக்கறதுக்கு மின்னாலயே காப்பி கழுவுனவ நானு. வையி."

இப்பத்தான் பார்த்தேன் என்று எவ்வளவு சுலபமாக வந்தது. என் வீட்டுக்காரர் இப்படித்தான் சொல்வார், கண்ணைப் பார்த்துக்கொண்டே, குடிக்கவே இல்லை என்று. நான் அவரை எத்தனை ஏசியிருக்கிறேன்.

அப்புறம் போனில் சார்ஜ் தீர்ந்து கண்ணாடி கறுத்தபோதுதான் நிமிர்ந்தேன். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. நாக்கு வறண்டிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எழுந்தால் கால் மரத்துப் போயிருந்தது. அப்போதுதான் அந்த வாசம் மூக்கில் ஏறியது.

ஊறல் வாசம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் உடைத்த அதே வாசம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எந்தக் களவாணியோ ஓடையில் மறுபடியும் ஊறல் போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். கம்பை எடுத்துக்கொண்டு காப்பிச்செடிக்குள் இறங்கினேன். "எவன்டா அது? இத்தனை வருஷம் கழிச்சு எவனுக்குடா தைரியம் வந்துச்சு?" என்று கத்திக்கொண்டே போனேன். ஓடை வரைக்கும் போனேன். கரையெல்லாம் குத்திப் பார்த்தேன். அங்கே வாசமே இல்லை. திரும்பி மேலே ஏறினேன், ஏற ஏற வாசம் கூடியது. ஷெட்டுக்குப் பின்னால் இன்னும் கூடியது. சுவரைச் சுற்றி வந்தேன்.

தொட்டி நுரைத்துக் கிடந்தது. கையை விட்டேன். கொறகொற என்று எப்போதோ வந்து, அதையும் தாண்டி, கொட்டையெல்லாம் செம்பட்டை ஏறியிருந்தது. கையை எடுத்து முகர்ந்தேன். ஒரு கையில் கம்பு, இடுப்பில் போன்.

மகன் வந்தது அப்போதுதான். மலைப்பாதையில் ஒரு வளைவில் லாரி மாட்டிக்கொண்டு பஸ் ரெண்டு மணி நேரம் நின்றுவிட்டதாம். அவன் தொட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் இடுப்பைப் பார்த்தான்.

"தள்ளுங்கம்மா" என்று மட்டும் சொன்னான். மாத்திரை போட்டுக் கொடுத்த ஆஸ்பத்திரி உறையை என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டித் தொட்டிக்குள் இறங்கினான். தண்ணீரைத் திறந்துவிட்டு, காலால் மிதித்து மிதித்துக் கழுவினான். ரெண்டு மணி நேரம் மிதித்தான். அந்த நாற்றம் அவன் தலைமுடி வரைக்கும் ஏறியது.

சாயந்திரம் ரைட்டர் வந்தார். தூரத்தில் வரும்போதே மூக்கைப் பிடித்தார்.

"ஏன்டா, நாறுறது தொட்டியா, உன்ற வாயா?"

"நான் பாக்காம உட்டுட்டேனுங்க" என்றான் மகன்.

"காலைல எங்கடா போன?"

"கீழ ஒரு வேலைங்க."

"கீழ உனக்கு என்ன வேலைன்னு மலைக்கே தெரியும்டா." ரைட்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க பேச்சக் கேட்டுத்தானுங்க ஆயா இவனை வச்சேன்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. நான் சொல்வேனா என்று பார்த்தான். ஆஸ்பத்திரி உறை என் மடியில் இருந்தது, போனும் அதே மடியில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன், வந்தது இதுதான்:

"என் பேச்ச எங்கீங்க கேக்கறான்."

இதை எழுதுவதற்கு எனக்கு மூணு நாள் ஆனது. இந்த ஒரு வரிக்கு.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாளிலிருந்து அவனைப் பல்ப்பரை விட்டு எடுத்துப் புதர் வெட்டப் போட்டார்கள்.

அன்றைக்குப் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், குளிக்கக்கூட இல்லை, அவ்வளவு அசதி. அவள் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் மாறியது.

"ஆரம்பிச்சுட்டியாப்பா?"

"இல்ல கண்ணு. தொட்டி வாசம்."

"எப்பவும் ஏதாவது ஒரு வாசந்தான். அப்பல்லாம் உர வாசம்னு சொல்லுவ." என்னிடம் திரும்பினாள். "அப்பாயி, நீ சொல்லு. அப்பா காலைல எங்க போச்சு?"

மாத்திரை விஷயத்தைச் சொல்லாதே என்று அவன் கேட்டிருந்தான், அதனால்தான் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சும்மா. ஆஸ்பத்திரியைச் சொன்னால் தொட்டியை யார் பார்த்தது என்ற கேள்வி வரும்.

"எனக்கென்ன தெரியும் சாமி" என்றேன்.

அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். அன்றிலிருந்து அவனிடம் பேசவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, பரீட்சை முடிந்ததும் வந்துவிடுகிறேன், படிப்பு அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். போட்டது என் போனிலிருந்துதான்.

தைப் பௌர்ணமி வந்தது. புத்தர் ஊட்டுக்குப் போனோம். யாரும் சொல்லாமலே மகன் வாசலில் செருப்புப் பக்கம் உட்கார்ந்துவிட்டான். நான் வரிசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். நாலும் சொல்லி அஞ்சாவதுக்கு வந்தேன். போதை தந்து. அதுவரைக்கும் குரல் வழக்கம்போல ஏறியது. கவனம் தப்பச் செய்கிற. இத்தனை வருஷமாக நான் இந்த வார்த்தையைத் தாண்டித் தாண்டியே ஓடியிருக்கிறேன். போதையை அழுத்துவேன், இதை முழுங்கிவிடுவேன். அன்றைக்கு அது தொண்டையில் நின்றது. பின்னால் எல்லோரும் காத்திருந்தார்கள். முழுசாகச் சொன்னேன், சத்தமாகச் சொன்னேன். வாசலில் மகனும் திருப்பிச் சொன்னான், அவன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து போனை அரிசிப் பானைக்கு அடியில் புதைத்தேன். ரெண்டு நாள் இருந்தது. மூணாம் நாள் தோண்டி எடுத்துத் துடைத்துக்கொண்டு கல்லுக்குப் போனேன். ஒரே ஒரு கம்பளம் என்று நினைத்துத்தான் போனேன். மகன் ஒரே ஒரு குவார்ட்டர் என்பான். நான் அவனை எந்த வாயால் கேட்டேனோ.

மாசிப் பௌர்ணமிக்குப் போகும்போது சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனேன். நாலாவது முடிந்ததும் எழுந்து நின்றேன்.

"அஞ்சாவத நான் சொல்ல மாட்டேன். நான் அதை ஒடைச்சுட்டேன்."

என் வயசுக்காரி ஒருத்தி, "ஏ, குடிச்சியா நீயி?" என்றாள். சிரிப்பு வெடித்தது.

"சிரிக்காதீங்க. தொட்டியப் பாத்துக்கச் சொல்லி என்னையத்தான் உட்டுட்டுப் போனான். நான் போனப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். காப்பி மிஞ்சுனது என்னால. எம்மகன் குடிக்கல."

"போன் பாத்ததுக்கா செருப்புப் பக்கம்? அப்பிடிப் பாத்தா எம்பட மருமக செருப்பு மேலயே பாய் போட்டுப் படுக்கோணும்" என்றாள் அவள்.

மறுபடி சிரிப்பு. விளக்கேற்றுகிற பெரியவர் கையைக் காட்டி அடக்கினார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்துக்கோங்க. பெத்த வயிறுன்னா இதுதான். மகன் பண்ணுனதத் தன் தலையில போட்டுக்குது."

ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி வந்து என் காலைத் தொட்டாள். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்கு இன்னும் கண் கலங்கியது. நான் அவ்வளவு காலமாக என்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தது அத்தனையும் அவர்கள் மனசில் சுவர் மாதிரி நின்றது. என் வார்த்தை அதில் பட்டுத் திரும்பி வந்தது.

பின்வரிசையிலிருந்து பேத்தி கேட்டாள். "அப்பாயி, அப்பாவுக்காகப் பொய் சொல்லாத. இப்பத்தான நாலாவது சொன்ன?"

வாசலில் மகன் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தலையை ஆட்டினான், போதும் உடுங்கம்மா என்று.

நான் போய் அவன் பக்கத்தில் செருப்புக்கு நடுவில் உட்கார்ந்தேன். ரெண்டு பொம்பளைகள் ஓடி வந்து செருப்பையெல்லாம் அந்தப் பக்கம் ஒதுக்கினார்கள். ஒருத்தி பாய் கொண்டுவந்து எனக்கு அடியில் போட்டாள். நல்ல புதுப்பாய். மகனுக்குப் போடவில்லை. நான் பாயை இழுத்து அவன் பக்கம் தள்ளினேன், அதையும் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அங்கே உட்கார்ந்தும் எனக்கு மரியாதைதான் கிடைத்தது. அதைவிடக் கேவலமாக நான் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் ரைட்டரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். "விடுங்க ஆயா. நீங்க நொம்ப நல்லவங்க, அதான் அவன் ஏறி மிதிக்கறான்."

வாயால் சொன்னால் நடுவில் யாராவது புகுந்து என்னை நல்லவளாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறபோது யாரும் குறுக்கே பேச முடியாது. புத்தர் ஊட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் படித்த எழுத்துதான். பேத்தியின் பழைய கணக்கு நோட்டில், எழுதாமல் விட்ட பக்கங்களில் எழுதுகிறேன். பதினாறு நாள் ஆகிவிட்டது. நடுவில் ரெண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு எழுந்து கல்லுக்குப் போனேன். அதையும் எழுத வேண்டும் அல்லவா. ரெண்டாம் தடவை பாதி வழியில் திரும்பிவிட்டேன். முதல் தடவை திரும்பவில்லை.

நேற்று மகனிடம் கேட்டேன், மாத்திரை விஷயத்தையும் எழுதிவிட்டேன், இருக்கட்டுமா என்று. அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டுவதை நிறுத்தவில்லை. கத்தியைத் திருப்பிப் போட்டுத் தீட்டிக்கொண்டே சொன்னான். "இருக்கட்டுங்கம்மா. ஆனா அவ படிக்கறப்ப நான் ஊட்ல இருக்க மாட்டேன்." இன்றைக்கு வேலை இல்லை, இருந்தாலும் கத்தியை எடுத்துக்கொண்டு தலைச்சோலைப் பக்கம் போய்விட்டான்.

நாளைக்குக் கடைசிப் பரீட்சை. பேத்தியின் பை கட்டிலுக்கு அடியில் கட்டித் தயாராக இருக்கிறது. இப்போது கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள், நான் என்ன எழுதுகிறேன் என்று கண்ணாடியில் பார்க்கிறாள்.

கண்ணு, இதற்கு மேல் உனக்குத்தான். உங்கப்பன் அன்றைக்குக் கொடுத்த ஆஸ்பத்திரி உறை இந்த நோட்டின் கடைசி அட்டைக்குள் இருக்கிறது. அதில் முத்திரை குத்தின தேதி இருக்கும், தொட்டி மிஞ்சின நாள் எது என்று உனக்கே தெரியும், சேர்த்துப் பார்த்துக்கொள். போனும் இதோ இருக்கிறது, இனி அது உன்னிடம் இருக்கட்டும். நான் கெஞ்சினாலும் கொடுக்காதே, கெஞ்சுவேன். என்னோடு பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு. உங்கப்பன் குடிக்கவில்லை. நான் எழுதினது எனக்கே பாதி விளங்காது, எங்கே எதை விட்டேன் என்று தெரியவில்லை. இங்கே வந்து உட்கார். மொதல்ல இருந்து சத்தமாப் படிச்சுக் காட்டு சாமி. ரைட்டர்கிட்ட நான் சொன்ன அந்த வரி வரும், அங்க மெதுவாப் படிச்சு முழுங்கிராத.